ஸோராட்ஸ் காரேர்: துளையிட்ட கற்களும் தீராத வழக்கும்

ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானிலிருந்து தென்கிழக்கே ஈரான் எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, அராரத் சமவெளியின் திராட்சைத் தோட்டங்களை ஊடறுத்து, துருக்கி எல்லைக்கு அப்பால் 5,137 மீட்டர் உயரத்தில் பனி மூடி நிற்கும் அராரத் மலையை வெகுதொலைவுவரை வலப்புறம் காட்டிக்கொண்டே சென்று, யெராஸ்க் என்னும் ஊரருகே அசர்பைஜானுக்குரிய நாக்சிவானின் எல்லை குறுக்கிடுவதால் கிழக்கே திரும்பி மலையேறத் தொடங்குகிறது. நாட்டின் தென்கோடி மாகாணமான சியூனிக்கையும் அதற்கப்பால் ஈரானையும் தலைநகரோடு இணைக்கும் முதன்மை வழி இதுவே என்பதால் ஈரானியச் சரக்கு லாரிகள் இதில் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். பயணிகளின் சிற்றுந்துகள் அவற்றின் பின்னால் பொறுமையோடு வளைந்தேற வேண்டும். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்தபின், சிசியான் நகருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, காற்று ஓயாத புல்மேட்டில் நிற்கும் கருங்கற்களின் கூட்டமே ஸோராட்ஸ் காரேர். இக்கற்களின் வயது என்ன, நட்டவர்கள் எதற்காக நட்டார்கள் என்னும் இரண்டு கேள்விகளைப் பற்றி வானியலாளர்களுக்கும் தொல்லியலாளர்களுக்கும் இடையே நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கில், கிடைத்த விடைகளைக் காட்டிலும் விடை தேடிய முறைகளே கூர்ந்து நோக்கத் தக்கவை.

அம்முறைகளை எடைபோடுவதற்கான உரைகல் ஒன்று வழியிலேயே கிடைக்கிறது. அர்ப்பா ஆறு குடைந்த பள்ளத்தாக்கின் வாயிலில், திராட்சை மதுவுக்குப் பெயர்போன அரேனி என்னும் சிற்றூரின் அருகே, அரேனி-1 என்று தொல்லியலாளர் எண்ணிட்டு அழைக்கும் குகை இருக்கிறது. 2008-இல் அங்கே கிடைத்த தோல் காலணி, ஒரே மாட்டுத்தோல் துண்டில் காலளவுக்கு வெட்டிக் கோக்கப்பட்டு, உள்ளே புல் திணிக்கப்பட்ட நிலையில், ஆட்டுப் புழுக்கை இறுகிய அடுக்கொன்றின் அடியில் காற்றும் ஈரமும் அண்டாமல் கெடாதிருந்தது. அதன் தோலிலும் புல்லிலும் இருந்து எடுத்த மாதிரிகள் ஆக்ஸ்போர்டிலும் கலிஃபோர்னியாவிலும் உள்ள இரு ஆய்வகங்களில் தனித்தனியே கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தப்பட்டன. உயிருள்ளவை உண்ணும்போதும் மூச்சுவிடும்போதும் உடலில் சேரும் ஒருவகைக் கரிமம், இறந்தபின் குறிப்பிட்ட விகிதத்தில் சிதைந்து குறைவதை அளந்து, இறந்த காலத்தை அறியும் முறையே இது. இரு ஆய்வகங்களும் கி.மு. 3500-ஐ ஒட்டிய காலத்தையே சொன்னதால், காலணியின் வயதைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. அதே குகையில் வெளிப்பட்ட திராட்சை மிதிக்கும் தொட்டியும் புதைத்து வைத்த சாடிகளும் கி.மு. 4000 அளவிலானவை என்பதும் இவ்வாறே நிறுவப்பட்டது. பொருள் கிடைத்த மண்ணடுக்கும், அவ்வடுக்கில் அழியாதிருந்த உயிர்ப்பொருளும், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாத இரண்டு ஆய்வகங்களும் ஒன்றையே சொன்னால் காலம் தெளிந்துவிடுகிறது.

அரேனியைக் கடந்து, வாய்க் நகரையும் கடந்து, சாலை 2,344 மீட்டர் உயரமுள்ள வொரோதான் கணவாயை ஏறி இறங்கியதும் நிலத்தின் முகம் மாறுகிறது. மரங்கள் அரிதாகி, அணைந்த எரிமலைகளின் மழுங்கிய சரிவுகளும் அவற்றிலிருந்து உருண்டு சிதறிய கருங்கற்களும் கண்ணுக்கெட்டியவரை பரந்து கிடக்கின்றன. பழங்காலத்தில் கருவி செய்யப் பயன்பட்ட எரிமலைக் கண்ணாடியின் புகழ்பெற்ற ஊற்றுகளும் இம்மலைகளிலேயே இருக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,770 மீட்டர் உயரத்தில் அமைந்த ஸோராட்ஸ் காரேரில் நடப்பட்டவை இம்மலைகள் ஈன்ற கற்களே.

நடுவில் முட்டைவடிவ வளையமும், அதனுள் பெருங்கற்களால் கட்டப்பட்ட கல்லறையும், வளையத்திலிருந்து வடக்கிலும் தெற்கிலும் நூறு மீட்டருக்கு மேல் வளைந்து நீளும் இரண்டு கல்வரிசைகளுமாக அந்த இடம் ஏறத்தாழ ஏழு ஹெக்டேரில் பரவியிருக்கிறது. எண்ணிட்டுப் பதிவுசெய்யப்பட்ட கற்கள் 223. பெரியவை மூன்று மீட்டர் அளவுக்கு உயர்ந்தவை, பத்து டன்வரை எடையுள்ளவை என்று மதிப்பிடப்படுபவை. அவற்றுள் ஏறத்தாழ எண்பது கற்களில், பெரும்பாலும் மேல்விளிம்பை ஒட்டி, ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் வட்டத்துளைகள் குடையப்பட்டிருக்கின்றன. இந்தத் துளைகளே வழக்கின் மூலம். கற்களின் முகத்தில் பல நிறங்களில் படர்ந்த பாசிக்காளானுக்கு இடையே ஆய்வாளர்கள் வண்ணத்தால் எழுதிய எண்களும் தெரிகின்றன. தொன்மையிடம் ஒன்றில் கல்லின் மேலேயே எண்ணெழுதுவது எந்த நாட்டு ஆய்வு மரபிலும் மெச்சத்தக்க செயலன்று.

ஸோராட்ஸ் காரேர் என்னும் பெயருக்குப் படைவீரர்களின் கற்கள் என்று பொருள் கூறுவர். அதே பொருள்பட கோஷுன் தாஷ் என்னும் துருக்கியப் பெயரும் முன்பு வழங்கியது. நிமிர்ந்து அணிவகுத்த கற்களைத் தொலைவிலிருந்து காணும் எவருக்கும் அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். 1935-இல் இனவரைவியலாளர் ஸ்தெபான் லிசித்சியான் இதனைக் கால்நடைகளை அடைக்கும் பட்டி எனக் கருதினார். 1950-களில் மாருஸ் ஹஸ்ரத்தியான் இங்கே கி.மு. 11 முதல் 9 வரையான நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்லறைகளைக் கண்டறிந்தார். அத்துடன் இது ஓர் இடுகாடு என்பது தெளிவாகியிருக்க வேண்டும். சியூனிக்கின் மேட்டுநிலங்களில் இத்தகைய இடுகாடுகள் புதியனவல்ல. ஆனால் துளைகளுக்கு விளக்கம் கிடைக்காமற்போனதால் கேள்வி திறந்தே கிடந்தது.

1984-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கேள்வி வானத்தை நோக்கித் திரும்பியது. வானைப் பார்க்கவே துளைகள் குடையப்பட்டன என்னும் கருத்தை முதலில் உரக்கச் சொன்னவர் வானியலாளர் அல்லர், ஓன்னிக் ஹ்ன்கிக்கியான் என்னும் தொல்லியலாளரே என்பதை, இரு துறைகளையும் எதிரெதிர்ப் பாசறைகளாகவே காணும் பிற்கால எழுத்தாளர்கள் மறந்துவிடுகின்றனர். விக்தர் அம்பார்த்சுமியான் 1946-இல் நிறுவிய பியூரகான் வானியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எல்மா பார்சாமியான், மெத்சாமோர் என்னும் மற்றொரு தொன்மையிடத்தில் முன்பே இத்தகைய ஆய்வு செய்தவர். அவர் இங்கும் வந்து, சில துளைகள் கோடைக் கதிர்த்திருப்ப நாளின் சூரிய உதயத்தை நோக்குகின்றன என்று அளந்து எழுதினார். கதிர்த்திருப்பம் என்பது சூரியன் வடக்கே அல்லது தெற்கே எட்டும் எல்லையை அடைந்து திரும்பும் நாள். பண்டைக் கட்டடங்களுக்கும் வான்பொருள்களுக்கும் உள்ள உறவை ஆராயும் இத்துறையைத் தொல்வானியல் என்பர்.

பார்சாமியானின் அடக்கமான கூற்றைப் பெருங்கூற்றாக மாற்றியவர் பாரிஸ் ஹெருனி. வானொலி அலைவாங்கி அறிவியலில் பெயர்பெற்ற அவர், ஆரகத்ஸ் மலைச்சரிவில் 54 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தோடு கூடிய தொலைநோக்கியை வடிவமைத்தவர். ஆர்மீனிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக இருந்தவர். 1994 தொடங்கிச் சில ஆண்டுகள் தம் குழுவினருடன் கற்களை அளந்த அவர், இது 7,500 ஆண்டுப் பழமையான வானாய்வகம் என்று அறிவித்தார். கல்லைக் குறிக்கும் சொல்லையும் ஒலியைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து, பேசும் கற்கள் என்று பொருள்படுமாறு கராஹுஞ்ச் என்னும் பெயரே இவ்விடத்துக்கு உரியது என்றும், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சின் பெயருக்கும் இதற்கும் உறவுண்டு என்றும் அவர் கொண்டார். பெயர்களின் ஓசையை வைத்து உறவு கொண்டாடுவது எந்த மொழியாரையும் எளிதில் மயக்கும் வித்தை என்பதற்கு மேல் இதற்கு மறுப்பு தேவையில்லை. ஆனால் அரசு மயங்கியது. 2004 ஜூலையில் பிறப்பித்த ஆணை இவ்விடத்துக்குக் கராஹுஞ்ச் வானாய்வகம் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டியது. 'ஆர்மீனியர்களும் பழைய ஆர்மீனியாவும்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஹெருனியின் ஆங்கில நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

ஹெருனியின் காலக்கணிப்பு இரண்டு வானியல் உண்மைகளின்மேல் எழுப்பப்பட்டது. இரண்டும் ஐயத்துக்கு இடமற்றவை. முதலாவது, பூமியின் அச்சுச் சாய்வு நூற்றாண்டுகளின் போக்கில் மிக மெல்ல மாறுவதால் கதிர்த்திருப்ப நாளில் சூரியன் உதிக்கும் இடமும் மெல்ல நகர்கிறது. இரண்டாவது, பஞ்சாங்கம் அறிந்தோர் அயனசலனம் என்று கூறும் அசைவு. பம்பரத்தின் அச்சு சுழல்வது போலப் பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாகத் திசை மாறுவதால், விண்மீன்கள் உதிக்கும் இடங்கள் காலப்போக்கில் பெரிதும் பெயர்கின்றன. ஒரு துளை இன்ன விண்மீனை நோக்கியே குடையப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், குடைந்த காலத்தைக் கணக்கிட்டுவிடலாம். அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதே சிக்கல். ஒளிமிக்க விண்மீன்கள் பல, ஆயிரமாண்டுகளும் பல, விரும்பிய விண்மீனையும் விரும்பிய ஆயிரமாண்டையும் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆய்வாளருக்கு இருக்குமானால், எந்தத் துளைக்கும் ஏதேனும் ஒரு விண்மீன் என்றேனும் பொருந்தியே தீரும்.

சூரியனை வைத்துக் காலம் காண்பதற்குத் துளையின் அளவே தடை. ஐந்து சென்டிமீட்டர் அகலமும் இருபது சென்டிமீட்டர் நீளமும் கொண்ட துளையில் ஒரு முனையில் கண்ணை வைத்து நோக்குபவர், வானத்தில் ஏறத்தாழ பதினான்கு பாகை அகலமுள்ள பரப்பைக் காண்பார். சூரிய வட்டமோ அரைப் பாகை அகலமே உடையது. ஹெருனி கூறும் காலத்துக்கும் இன்றைக்கும் இடையே, இந்த அட்சரேகையில், கதிர்த்திருப்ப உதயம் அடிவானத்தில் நகர்ந்திருக்கக்கூடிய தொலைவு ஏறத்தாழ ஒரு பாகை. பதினான்கு பாகையைக் காட்டும் சாளரத்தைக் கொண்டு ஒரு பாகை நகர்வை அளந்து, அதிலிருந்து 7,500 ஆண்டு என்னும் முடிவை எட்ட இயலாது. துளையினுள் நுண்குழாய் செருகப்பட்டிருக்கலாம், நோக்குபவர் கல்லிலிருந்து தொலைவில் நின்றிருக்கலாம் என்றெல்லாம் துணைக் கருதுகோள்களைச் சேர்க்கலாம். அந்தக் குழாயோ, நின்ற இடத்தைக் காட்டும் அடையாளமோ மண்ணிலிருந்து கிடைக்காதவரை அவை கருதுகோள்களாகவே நிற்கும்.

பதினேழு கற்கள் சூரியனின் கதிர்த்திருப்ப, சம இரவு நாள்களின் உதய மறைவுகளையும், பதினான்கு கற்கள் சந்திரனின் எல்லை நிலைகளையும் நோக்குகின்றன என்னும் கூற்று பலமுறை எடுத்துரைக்கப்படுகிறது. முப்பத்தொரு கற்கள் என்பது கேட்பதற்குப் பெரிய எண். சியூனிக்கின் அட்சரேகையில் அத்தகைய திசைகள் நான்கு மூலைகளிலும் நெருங்கி அமைபவை. கிழக்கும் மேற்கும் அவற்றோடு சேரும். ஒவ்வொரு திசைக்கும் இருபுறமும் ஏழு பாகை தளர்வு கொடுத்தால், அதாவது மேற்கூறிய துளையின் பார்வைப் பரப்பையே அளவாகக் கொண்டால், அடிவானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அவற்றுக்கு உரியதாகிவிடும். எண்பது துளைகள் எவ்விதத் திட்டமுமின்றித் திசைக்கொன்றாக நோக்கினாலும் முப்பதுக்குக் குறையாமல் அந்தப் பங்கினுள் விழும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. மலைகளால் உயர்ந்த அடிவானத்தையும், சாய்ந்தும் விழுந்தும் போன கற்களையும் கருதினால் கணக்கு சற்றே மாறும். கூற்றின் வலிமை கூடாது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்வானியல் பேராசிரியர் கிளைவ் ரகுல்ஸ், கி.மு. ஆறாம் ஆயிரமாண்டு என்னும் கணிப்பு ஆதாரமற்றது என்றும் ஸ்டோன்ஹெஞ்சோடு ஒப்பிடுவது பயனற்றது என்றும் எழுதினார். அவர் பதிப்பித்து 2015-இல் வெளிவந்த தொல்வானியல் கையேட்டில், ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் செசார் கொன்சாலெஸ் கார்சியா இவ்விடத்துக்கென்றே ஒரு கட்டுரை வரைந்து, வானாய்வகம் என்னும் கருத்தை ஏற்க இயலாது என்று காட்டினார். தொல்வானியலாளர்களே மறுத்தார்கள் என்பதைச் சுட்ட வேண்டும். ஏனெனில் ஆர்மீனியாவில் இவ்வழக்கு பெரும்பாலும் வானியலின் அருமை அறியாத மண்வெட்டிக்காரர்களின் பொறாமை என்றே சித்திரிக்கப்படுகிறது.

மண்வெட்டிக்காரர்களின் தரப்பில் இதுவரை சொல்லப்பட்டவற்றுள் எடையுள்ளது, 2000-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தின் ஸ்தெபான் குரோல் முன்வைத்த விளக்கம். அவர் கருத்துப்படி இவ்விடம் முதன்மையாக நடு வெண்கலக் காலம் தொட்டு இரும்புக் காலம் வரையிலான இடுகாடு. அக்காலங்களின் பெரிய கற்பதுக்கைகள், அதாவது பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்திப் பெட்டிபோல் அமைத்த கல்லறைகள், வளாகத்தில் விரவிக் கிடக்கின்றன. கல்வரிசைகளோ அவற்றுக்கு மிகவும் பிற்பட்டவை. கி.மு. 300-க்கும் கி.பி. 300-க்கும் இடைப்பட்ட கிரேக்க-ரோமானியக் காலத்தில், போர் வந்தபோது மக்களும் கால்நடைகளும் ஒதுங்குவதற்காக இவ்விடத்தைச் சுற்றிக் கல்லும் களிமண்ணும் கொண்டு மதில் எழுப்பப்பட்டிருக்கலாம். மதில் சரியாமலிருக்க ஊடே நட்ட நெடுங்கற்களே, மண்ணும் சிறுகல்லும் கரைந்து போனபின் இன்று தனித்து நிற்கின்றன. வரிசைகள் வானத்துத் திசை எதற்கும் கட்டுப்படாமல் மேட்டின் வளைவோடு வளைவதற்கு இவ்விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. லிசித்சியானின் கால்நடைப் பட்டியும் இதில் ஓரளவு உயிர்பெறுகிறது என்பது வேடிக்கை.

ஆனால் குரோலின் முடிவும் மேற்பரப்பாய்வின் முடிவே. தரையில் தெரிவதைப் பதிந்தும் ஓடுகளைப் பொறுக்கியும் பெறும் அறிவு, கல் நின்ற குழியைத் தோண்டிப் பெறும் அறிவுக்கு ஈடாகாது. மேலும் துளைகளை அவர் விளக்கம் தொடவில்லை. மதிலுக்குள் புதைய வேண்டிய கல்லில் துளை எதற்கு? கயிறு கோத்து இழுத்துவரக் குடைந்தார்கள் என்பது ஒரு விடை. பத்து டன் கல்லை விளிம்பருகே குடைந்த துளையில் கயிறு மாட்டி இழுத்தால் விளிம்பே பிளந்துவிடாதா என்பது எதிர்க்கேள்வி. ஒரே குறிக்கோளோடுதான் எல்லாத் துளைகளும் குடையப்பட்டன என்றோ, கற்களை நட்ட காலத்திலேயே குடையப்பட்டன என்றோ கொள்வதற்குக்கூட ஆதாரம் இல்லை. இரு தரப்பாரும் இந்த இடத்தில் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

இதே வழக்கு இங்கிலாந்திலும் நடந்தது. 1963-இலும் 1965-இலும் வானியலாளர் ஜெரால்டு ஹாக்கின்ஸ், அன்று புதுமையாக இருந்த கணினியின் துணையோடு ஸ்டோன்ஹெஞ்சை வானாய்வகம் என்று எழுதியபோது, அங்கே அகழாய்வு செய்த ரிச்சர்டு அட்கின்சன் கடுமையாக மறுத்தார். காலப்போக்கில் கிரகணங்களைக் கணிக்கும் எந்திரம் என்னும் பகுதி உதிர்ந்து, முதன்மை அச்சு கதிர்த்திருப்பத் திசையை நோக்குகிறது என்னும் பகுதி நிலைத்தது. அத்தெளிவு பிறந்ததற்குக் காரணம், ஸ்டோன்ஹெஞ்சின் குழிகளில் கிடைத்த மான்கொம்புக் கருவிகளும் எலும்புகளும் கரிமக் கணிப்புக்கு இடம்கொடுத்தது. ஸோராட்ஸ் காரேரில் வாதம் மட்டும் ஸ்டோன்ஹெஞ்சின் அளவுக்கு வளர்ந்துவிட்டது. குழிகள் அந்த அளவுக்குப் பேசவில்லை.

ஆர்மீனியாவில் இந்த வாதம் இவ்வளவு வேகமாக வளர்ந்தது ஏன் என்பதற்கு அந்நாட்டின் அக்காலத்து அரசியலில் விடை இருக்கிறது. ஹெருனி கற்களை அளக்கத் தொடங்கிய ஆண்டுகளில் ஆர்மீனியா சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து 1991-இல் விடுதலை பெற்று, கராபாக் போரையும் மின்சாரமில்லாத குளிர்காலங்களையும் கண்டிருந்தது. அண்டை நாட்டாரோடு எல்லைச் சண்டை நடக்கும்போது வரலாற்றின் தொன்மையும் ஆயுதமாகிறது. சோவியத் காலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு: 1968-இல் யெரெவான் தன் 2,750-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. ஆனால் அந்த வயது, அந்நகரிலேயே உள்ள எரெபுனிக் கோட்டையை எழுப்பியதாக உரார்த்து அரசன் முதலாம் ஆர்கிஷ்தி பொறித்த ஆப்பெழுத்துக் கல்வெட்டு 1950-இல் மண்ணிலிருந்து வெளிவந்ததன்மேல் நின்றது. நாட்டுப்பற்று சான்றைத் தேடத் தூண்டினால் நன்மை விளையும். சான்றின் இடத்தில் தானே அமர்ந்துகொண்டால் கேடு. கி.மு. மூன்றாம், இரண்டாம் ஆயிரமாண்டுகளில் இம்மலைகளில் வாழ்ந்து, தம் இறந்தோர்க்குப் பாறைகளைப் பெயர்த்துப் பதுக்கை அமைத்த மக்கள் எப்படி வாழ்ந்தனர் என்னும் கேள்வி, 7,500 என்னும் எண்ணின் ஓசையில் கேட்கப்படாமலே போனது இவ்வழக்கின் மெய்யான இழப்பு.

வழக்கைத் தீர்க்கும் வழி புதிரானதன்று. சில கற்களின் அடிக்குழிகளை முறையாகத் திறந்து, கல்லை நிறுத்தியபோது குழிக்குள் விழுந்த கரித்துண்டையோ எலும்பையோ கரிமக் கணிப்புக்கு அனுப்பலாம். அவை கிடைக்காவிடில், மணலின் படிகத் துகள்கள் கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தை அவற்றை ஒளியால் தூண்டி அளக்கும் முறை உண்டு. ஆர்மீனியாவின் மேட்டுநிலங்களில் நிற்கும் மீன்வடிவிலும் பிற வடிவங்களிலும் அமைந்த, விஷாப் எனப்படும் நெடுங்கற்களின் காலம் ஆரகத்ஸ் மலையில் உள்ள திரின்கதாரில் தெளிவானதும் கற்களைச் சூழ்ந்த மண்ணைத் தோண்டியே. அங்கே கிடைத்த காலம் கி.மு. ஐந்தாம் ஆயிரமாண்டைத் தொடுகிறது. ஆகவே தோண்டினால் தொன்மை குறைந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. இத்தகைய கணிப்புகள் வெளியாகி, வேறு ஆய்வகத்தாலும் உறுதிப்படும்வரை, 2004-ஆம் ஆண்டின் பெயரை ஒதுக்கிவைத்து இவ்விடத்தைப் பழைய பெயரால் அழைப்பதும், வருவோர் படிக்கும் பலகையில் வெண்கல, இரும்புக் கால இடுகாடு என்றும், நெடுங்கற்களின் காலமும் துளைகளின் பயனும் இன்னும் நிறுவப்படவில்லை என்றும் எழுதுவதும் ஆர்மீனிய அரசு செய்யக்கூடிய நேர்மையான செயலாகும்.